மருந்தளவும் மான்வேட்டையும்: துல்லியத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

வெடிக்கிற மருந்துக்கும் நோய்க்குக் கொடுக்கிற மருந்துக்கும் தமிழில் ஒரே சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 'மருந்து கெட்டிக்கிறது' என்றுதான் சொன்னார்கள். வெடிமருந்து என்பது எழுத்துத் தமிழ். இரண்டு மருந்துக்கும் அளவு முக்கியம். கூடினால் ஆபத்து, குறைந்தால் பிரயோஜனமில்லை. இந்தக் கட்டுரை அந்த அளவைப் பற்றியது. அமெரிக்காவில் மான்வேட்டைக்காரர்களில் ஒரு பகுதியினர் தங்கள் ரைஃபிளுக்கான தோட்டாக்களைக் கடையில் வாங்குவதில்லை, வீட்டில் மேசை போட்டுத் தாங்களே கெட்டித்துக்கொள்கிறார்கள். இந்த வழக்கத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வருஷ வரலாறு உண்டு. 'எங்கள் தோட்டா கடைத் தோட்டாவைவிடத் துல்லியமாகச் சுடும்' என்பது அவர்கள் சொல்கிற முக்கியமான காரணம். இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது, எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதுதான் என் கேள்வி.

துப்பாக்கியைத் தொட்டாவது பாத்திருக்கியா என்று நண்பர்கள் கேட்கலாம். தொட்டதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபிறகு மான்வேட்டை இந்தியாவில் குற்றம். அது எனக்குச் சம்மதமே. ஆனால் நம் சிறுபத்திரிகைகளில் 'துல்லியமான மொழி', 'துல்லியமான விமர்சனம்' என்று பாராட்டுச் சொல்லாகத் துல்லியத்தை நாம் அள்ளி வீசிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல் ஒரு கருவியின் வரலாற்றில் என்ன வேலை செய்திருக்கிறது என்று பார்ப்பது நமக்கும் உதவும்.

முதலில் தோட்டா. அதில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பிரைமர், அதாவது தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கிற கேப்பைப் போல அடிபட்டால் பற்றிக்கொள்வது, கூட்டுக்குள்ளே மருந்து, கூட்டின் வாயில் செருகப்பட்ட குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். தோட்டாவில் விலை அதிகமான பாகமும் பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கி எறிய மனசு வராத இடத்தில்தான் கைத்தோட்டாவின் கதை ஆரம்பிக்கிறது.

2

சிக்கனத்தில் ஆரம்பித்த கதை என்றுதான் இதைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு ரத்தக்களரி இருக்கிறது.

1870களில் அமெரிக்க நடுச் சமவெளிகளில் பைசன் என்கிற காட்டெருமையைத் தோலுக்காகக் கொன்று குவித்தவர்கள், ஷார்ப்ஸ் முதலான கனமான ரைஃபிள்களை வைத்திருந்தார்கள். 1871வாக்கில் எருமைத்தோலைத் தொழிற்சாலைக்கு ஏற்றபடி பதனிடும் முறை வந்தது. தோல் இயந்திரங்களின் பெல்ட்டாக மாறியது. வேட்டைக்காரர்கள் ஊரைவிட்டு மாதக்கணக்கில் வெளியே கிடந்தார்கள். ஆகவே ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி வண்டியில் ஏற்றிப் போய், பகலில் சுட்ட கூடுகளைப் பொறுக்கிவந்து, ராத்திரி நெருப்பு வெளிச்சத்தில் குண்டு வார்த்து மறுபடி கெட்டித்தார்கள்.

இங்கே துல்லியம் ஒரு தனியான தேவையாக எழுந்தது. அவர்களுடைய உத்தி, தூரத்தில் ஒரே இடத்தில் கிடந்துகொண்டு, மந்தையை நடத்திச் செல்லும் மாட்டை முதலில் வீழ்த்துவது. சரியாகச் சுட்டால் மற்றவை ஓடாமல் குழம்பி நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சாய்க்கலாம். குண்டு தவறி ஒரு மாடு அடிபட்டு ஓடினால் மந்தையே ஓடிவிடும். ஆகவே ஒரே அளவு மருந்து, ஒரே எடைக் குண்டு, ஒரே தூரம் என்கிற மறுபடியும் மறுபடியும் செய்கிற ஒழுங்கு அன்றே வந்துவிட்டது. 1870களின் முடிவுக்குள் தெற்கு மந்தை தீர்ந்தது. 1883வாக்கில் வடக்கு மந்தையும் தீர்ந்தது. வில்லியம் ஹார்னடே 1889இல் வெளியிட்ட அறிக்கையில் கண்டம் முழுக்க ஆயிரத்துச் சொச்சம் மாடுகள்தான் கணக்கில் வந்தன. லக்கோட்டா, செயென், கொமான்சி, கயோவா மக்களுக்குச் சோறும் கூடாரமும் போர்வையுமாக இருந்தவை அவை. மாடு போனதும் அந்த மக்களை ஒதுக்கிடங்களுக்குள் தள்ளுவது அரசுக்குச் சுலபமாயிற்று.

1874இல் டெக்சஸில் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் இருந்த வேட்டைக்காரர்களின் வணிகக் குடியிருப்பைக் கொமான்சி, கயோவா, செயென் வீரர்கள் தாக்கினார்கள். அங்கே பில்லி டிக்சன் என்கிற வேட்டைக்காரர் முக்கால் மைலுக்கு மேல் தள்ளி நின்ற ஒருவரைக் குதிரையிலிருந்து வீழ்த்தியதாகச் சொல்லப்படும் சூடு, அமெரிக்கத் துப்பாக்கி இலக்கியத்தில் பெரிய புராணம். ஆனால் டிக்சன் தம் நினைவுக் குறிப்பில் அது குருட்டாம்போக்கில் விழுந்த சூடு என்கிற மாதிரிதான் சொல்லியிருக்கிறார். சுட்டவரே அதிர்ஷ்டம் என்று சொன்னதைச் சமூகம் துல்லியம் என்று எழுதிக்கொண்டது. இந்த வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

3

1884இல் ஜான் பார்லோ கனெக்டிகட் மாநிலத்தில் ஐடியல் என்ற கம்பெனியை ஆரம்பித்துக் குறடு வடிவத்தில் கெட்டிக்கும் கருவிகளைச் செய்து விற்றார். கூடவே கையேடுகளும் வந்தன. வேட்டை முகாமில் வாய்வழி நடந்த வித்தை, அட்டவணையாக அச்சேறியது. அதே வருஷம் பிரான்சில் பால் வியேய் புகையில்லாத மருந்தை உருவாக்கினார். கருமருந்தை அளவுக் கரண்டியால் மொண்டு கொட்டினால் போதும். புகையில்லாத மருந்தில் கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் எகிறிவிடும். ஆகவே தராசு வந்தது. அந்தத் தராசின் அலகு கிரெய்ன், அதாவது தானியமணி. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம் தட்டாரின் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. தங்கம் நிறுப்பவனின் கவனத்தோடு மருந்து நிறுக்கப்பட ஆரம்பித்தது.

இந்தக் கவனத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து மில்ஃபோர்டைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மான். மருத்துவம் படித்தவர், எலும்பு வெட்டும் இயந்திரம் செய்து விற்றவர். பல பத்தாண்டுகள் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டினார்: ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே குறி, பிறகு ஏன் குண்டுகள் ஒரே ஓட்டையில் போய் விழுவதில்லை? கான்கிரீட் மேடையில் குழலை இறுக்கிப் பூட்டினார். வழிநெடுக காகிதத் திரைகளை நிறுத்திக் குண்டு போகும் பாதையைத் தடம் பிடித்தார். குண்டுகளின் நுனியை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டார், அடியைச் சிதைத்துச் சுட்டார். நுனி சிதைந்த குண்டு பெரிதாக விலகவில்லை, அடி சிதைந்த குண்டு தாறுமாறாகப் போனது. 1909இல் இவற்றைப் புத்தகமாக்கினார்.

மான் செய்த காரியத்தில் கவனிக்க வேண்டியது, அவர் சுடுகிற மனிதனை ஒதுக்கிவைத்தார். தோள், கண், மூச்சு எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் பேசவிட்டார். விலங்கையும் ஒதுக்கிவைத்தார். அதன் இடத்தில் காகிதம். துல்லியம் என்பது இனிமேல் காகிதத்தில் விழுந்த ஓட்டைகளுக்கு இடையிலான தூரம். 'குரூப்' என்று அதற்குப் பெயர்.

தண்டனையின் வரலாற்றை எழுதிய ஃபூக்கோ, 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ராணுவ விதிகளை எடுத்துக்கொண்டு, சிப்பாயின் உடம்பும் துப்பாக்கியும் அங்கம் அங்கமாகப் பூட்டப்படுவதை விளக்குவார். கைத்தோட்டாக்காரனின் ஒழுங்கைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வருகிறது. கூடுகளை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து எடு. நீளத்தை ஒரே மாதிரி வெட்டு. கழுத்தை ஒரே மாதிரி இறுக்கு. பிரைமர் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய். மருந்தைக் கிரெய்னில் பத்தில் ஒரு பங்குக்கு நிறு. குண்டின் தோள் குழலின் வரிகளைத் தொட எவ்வளவு இடைவெளி என்று அளந்து அதே ஆழத்தில் செருகு. எல்லாவற்றையும் நோட்டில் எழுது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே அதட்டுவதற்கு சார்ஜண்ட் யாரும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் ராத்திரி நிலவறையில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே செய்கிறான்.

ஏன் செய்கிறான்? அடிமைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனமான வாசிப்பு. பகலில் அவன் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் அளவும் வேகமும் அவன் கையில் இல்லை. இங்கே எல்லா அளவும் அவனுடையது. தொழிற்சாலைத் தோட்டா ஊரில் உள்ள எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டிய சராசரி. அவன் செய்வது ஒரே ஒரு குழலுக்கானது. கைவேலை பறிபோன காலத்தில் கைவேலைக்கான ஏக்கம் இதில் இருக்கிறது. இதை மதிக்கத்தான் வேண்டும்.

4

ஆனால் அந்த மேசைமேல் இருந்த பொருள்கள் எங்கிருந்து வந்தன?

கைத்தோட்டா வெகுஜன வழக்கமானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். போர்க்காலத்தில் தோட்டாவும் குண்டும் சந்தையில் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன், சுட்டுப்போட்ட 22 காலிபர் கூடுகளையே குண்டின் மேலுறையாக மாற்றும் அச்சுகளை 1943இல் செய்தார். ஆர்சிபிஎஸ் என்ற பெயர் அங்கிருந்து வருகிறது. ஐடஹோவில் வெர்னன் ஸ்பியர் அதேபோலக் குண்டு செய்தார். அவரோடு சேர்ந்து தொழில் பார்த்த ஜாய்ஸ் ஹார்னடி 1949இல் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் தனிக் கம்பெனி ஆரம்பித்தார். அவர் அந்த ஊருக்கு வந்ததே அங்கிருந்த ராணுவ வெடிபொருள் ஆலையின் காவலர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கத்தான்.

மருந்துக் கதை இன்னும் வெளிப்படையானது. போர் முடிந்ததும் அரசிடம் மலை மாதிரி மருந்து மிஞ்சியது. கன்சாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் அதை வாங்கிச் சில்லறையாக விற்றார். 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்த 4831 என்ற எண்ணுள்ள மருந்து, மான்வேட்டைக்காரர்களின் 270 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு அற்புதமாகப் பொருந்தியது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்துவிட்டு வேட்டை எழுத்தாளரான ஜாக் ஓகானர் அந்த ரைஃபிளை ஊரெல்லாம் பிரபலமாக்கினார். விமானத்தை வீழ்த்தச் செய்த மருந்து மானை வீழ்த்தியது. ராணுவ ரைஃபிள்களும் மலிவு விலையில் வந்து, கட்டையைச் செதுக்கி வேட்டைத் துப்பாக்கிகளாயின. போருக்குப் போய் வந்தவர்கள் போர் மிச்சத்தைக் கொண்டே தங்கள் அமைதிக்கால ஓய்வுநேரத்தைக் கட்டியெழுப்பிக்கொண்டார்கள். துல்லியத்தின் இந்தப் பொற்காலத்தை ராணுவப் பொருளாதாரத்திலிருந்து பிரித்துப் பேச முடியாது.

5

மான் எங்கே போயிற்று? அதைத்தானே சுடப் போகிறார்கள்.

1900வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் மூன்றிலிருந்து ஐந்து லட்சம் வரைதான் இருந்தன என்பது மதிப்பீடு. சந்தைக்காக வேட்டையாடியதும் காடழிப்பும் காரணம். 1900இல் லேசி சட்டம் வந்து, மாநில விதிகளை மீறிக் கொன்ற விலங்கை மாநிலம் தாண்டி விற்பதைத் தடுத்தது. 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிமேலும் தோட்டாமேலும் போட்ட வரியை வனவிலங்குப் பராமரிப்புக்குத் திருப்பியது. இன்று அங்கே மான்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தச் சட்டங்களோடு 'விளையாட்டு வேட்டைக்காரன்' என்கிற ஒரு கனவான் உருவாக்கப்பட்டான். அவனுக்கு எதிரில் 'சட்டிக்காக வேட்டையாடுகிறவன்' என்கிற கீழ்மகனும் உருவாக்கப்பட்டான். பென்சில்வேனியாவில் 1909இல் ஒரு சட்டம்: குடியுரிமை பெறாத வெளிநாட்டார் விலங்கு எதையும் வேட்டையாடக் கூடாது, அதற்காக ரைஃபிளோ ஷாட்கன்னோ வைத்திருக்கவும் கூடாது. மாட்டிக்கொண்ட இத்தாலியர் ஒருவரின் வழக்கு உச்சநீதிமன்றம்வரை போயிற்று. 1914இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பசிக்குச் சுடுகிறவன் முரடன், அளந்து சுடுகிறவன் பண்பாளன் என்கிற சொல்லாடலில் துல்லியம் ஒரு நற்சான்றிதழாகிவிட்டது என்பது என் வாசிப்பு. 'ஒரே சூட்டில் வலியில்லாமல்' என்கிற கருணை வாதம் அந்தச் சான்றிதழில் எழுதப்பட்ட வாசகம்.

அந்த வாதம் பொய்யா? பாதி உண்மை. அடிபட்டு ஓடி, புதரில் கிடந்து செத்த மானைவிட நின்ற இடத்தில் விழுந்த மான் குறைவாக வதைபட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கணக்கைப் பார்ப்போம். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ 8 அங்குல அகலம். நூறு கஜத்தில் 2 அங்குல குரூப் விழுகிற ஒரு சாதாரண ரைஃபிள், முந்நூறு கஜத்திலும் 6 அங்குலத்துக்குள் போட்டுவிடும். கிழக்குக் காடுகளில் மான்கள் பெரும்பாலும் சுடப்படுவது நூறு கஜத்துக்கு உள்ளேதான். அப்படியென்றால் அந்த 2 அங்குலத்தை ஒரு அங்குலமாக்கி, ஒன்றை அரையாக்குவதற்காகச் செலவழிகிற ராத்திரிகளுக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம்?

மானின் வதையைத் தீர்மானிப்பதில் குண்டு உள்ளே போய் என்ன செய்கிறது என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் ஒரு மூஸ் மானைச் சுட்டார். குண்டுகள் சேறு பிடித்த தோலைத் தாண்டி ஆழமாக இறங்காமல் மேலேயே சிதறின. குறியில் தவறு இல்லை. அந்த அனுபவத்திலிருந்து அவர் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டை 1948இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். காகித இலக்கு சொல்லாத செய்தியை மூஸ் சொல்லிற்று.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. உடம்புக்குள் விரிகிற குண்டின் கதையில் கல்கத்தாவுக்கு அருகில் உள்ள டம்டம் படைக்கலச் சாலை இருக்கிறது. 1890களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கேப்டன் பெர்ட்டி-கிளே அங்கே உருவாக்கிய குண்டு இந்திய எல்லைப் போர்களில் மனிதர்கள்மேல் சுடப்பட்டது. 1899இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் விரியும் குண்டைப் போரில் தடை செய்தது. மான்வேட்டையில் நிலைமை நேர்மாறு: அமெரிக்காவின் பல மாநிலங்களில் விரியாத ராணுவக் குண்டால் மானைச் சுடுவதுதான் சட்டவிரோதம். மனிதனுக்குக் கொடூரம் என்று விலக்கப்பட்டது விலங்குக்குக் கருணை என்று கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இரண்டு சட்டத்துக்கும் தர்க்கம் உண்டு: ஒன்றில் எதிராளியைச் செயலிழக்கச் செய்தால் போதும், மற்றதில் சீக்கிரம் சாக வேண்டும். ஆனால் அந்தக் குண்டு முதலில் யார் உடம்பில் சோதிக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டுக் கருணை பற்றிப் பேச எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

துல்லியம் கூடக்கூடக் கருணை கூடும் என்ற வாதம் நம் காலத்தில் தலைகீழாகியும் விட்டது. அரை அங்குலத் தோட்டாவைக் கையில் வைத்திருப்பவனுக்கு அறுநூறு, எண்ணூறு கஜத்தில் மானைச் சுடலாம் என்ற துணிச்சல் வருகிறது. அறுநூறு கஜத்துக்குக் குண்டு போய்ச்சேர முக்கால் வினாடி ஆகும். அதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குப் போட்ட குண்டு வயிற்றில் விழும். வதையைக் குறைப்பதாகச் சொன்ன கருவி, வதைக்கு வாய்ப்பான தூரத்துக்கு அனுமதிச் சீட்டாகிறது. 1991 வளைகுடாப் போரில் 'துல்லியத் தாக்குதல்' என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். போடப்பட்ட குண்டுகளில் மிகப் பெரும்பாலானவை வழிகாட்டிக் கருவி ஏதுமில்லாத சாதாரணக் குண்டுகள். துல்லியத்தின் பேரில் தூரத்துக்கும் அழிவுக்கும் சம்மதம் வாங்குவது வேட்டைக்காரர்கள் மட்டும் செய்கிற காரியமில்லை.

6

சரி, அந்த அரை அங்குலமாவது நிஜமா?

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு அளவுக்கும் மூன்று தோட்டா சுட்டு, எந்த அளவில் ஓட்டைகள் நெருங்கி விழுந்தனவோ அதுவே தன் ரைஃபிளுக்கு உகந்த அளவு என்று முடிவு கட்டுவது பரவலான முறை. தாயம் விளையாடினவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை புரியும். பத்துப் பேர் ஆளுக்கு மூன்று தடவை கட்டை உருட்டினால் யாராவது ஒருத்தருக்குத் தாயம் விழத்தான் செய்யும்; அவர் கை ராசியான கை என்று ஆகாது. ஒரே தோட்டாவைச் சுட்டாலும் மூன்று சூட்டுக் குரூப்பைவிடப் பத்துச் சூட்டுக் குரூப் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாகத்தான் இருக்கும். புள்ளியியல் இதை வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆக, நோட்டில் குறித்துவைத்த பல ரகசிய அளவுகள் வெறும் தற்செயல்தான். பில்லி டிக்சன் ஒப்புக்கொண்டதை இவர்களில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவே. உண்மையிலேயே பலன் தருபவை சிலதான்: நல்ல குழல், நல்ல குண்டு, கவனமான எடை, நிறையச் சுட்டுப் பழகிய தோள்.

காகிதம் பார்க்காத இன்னொன்று ஈயம். குண்டு மானுக்குள் விரியும்போது பொடிப்பொடியாக ஈயம் சிதறிக் குடலிலும் இறைச்சியிலும் தங்குகிறது. வேட்டைக்காரன் காட்டில் விட்டுவிட்டு வந்த குடலைத் தின்ற கலிபோர்னியாக் காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்தன. 1982இல் உலகத்திலேயே 22 காண்டர்கள்தான் மிச்சம். பிடித்து வளர்த்து மறுபடி காட்டில் விட்டபின்னும் அவற்றின் சாவுக்கு முக்கியக் காரணம் ஈயமாகவே இருந்தது. எத்தனையோ தலைமுறையாகக் கிரெய்னில் பத்தில் ஒரு பங்குக்கு மருந்தை நிறுத்தவர்கள், குண்டிலிருந்து உதிர்ந்த ஈயம் எங்கே போகிறது என்று நிறுத்துப் பார்க்கவில்லை. அளக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். அந்தக் கணக்கு அவர்களுடைய காகிதத்துக்கு வெளியே விழுந்தது.

கலிபோர்னியா 2013இல் சட்டம் இயற்றிப் படிப்படியாக அமல்படுத்தி, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுக்கத் தடை செய்தது. துப்பாக்கிச் சங்கங்கள் எதிர்த்தன. தாமிரக் குண்டு துல்லியமாகப் போகாது என்றும் பலர் முணுமுணுத்தார்கள். தாமிரம் ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளமானால் செருகும் ஆழம் மாறும், மருந்தளவு மாறும், பழைய நோட்டில் உள்ள எதுவும் உதவாது. ஆகவே மேசையில் மறுபடி தராசை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மான்வேட்டைக்குப் போதுமான துல்லியம் தாமிரத்திலும் கிடைக்கத்தான் செய்கிறது.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இந்தக் கடைசி நிகழ்ச்சியைப் பற்றித்தான். எதை அளக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை மாற்றியது மேசையில் உட்கார்ந்திருந்தவன் இல்லை. கழுகுகளின் ரத்தத்தைச் சோதித்தவர்களும், சட்டத்துக்காக வருஷக்கணக்கில் மன்றாடியவர்களும் மாற்றினார்கள். பைசனுக்கும் லக்கோட்டாக்களுக்கும் 1870களில் அப்படிக் கேட்டு வாங்கித்தர அதிகாரத்தில் ஆள் இல்லை. அதனால் அந்தக் காலத்துத் துல்லியம் எந்தக் குறுக்கீடும் இல்லாமல் தன் வேலையை முடித்துக்கொண்டது. அடுத்த முறை ஒரு புள்ளிவிவரத்தையோ ஒரு திட்டத்தையோ ஒரு விமர்சனத்தையோ துல்லியமானது என்று நம்மிடம் யாராவது நீட்டும்போது, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காகிதத்தை யார் மாட்டினார்கள் என்று கேட்டுவிடலாம்.